தோளில் இருந்த கை

இத்தாலி மலையூரான ரோக்காசெராவில் மேலத்தெருக்காரர்கள் ஃபிலடெல்பியாவுக்குப் போவார்கள், கீழத்தெருக்காரர்கள் புவெனஸ் அயர்ஸுக்குப் போவார்கள். இப்படிப் பிரித்து வைத்தது யார் என்று கேட்டால் பங்குச் சாமியாருக்கே தெரியாது. முதலில் போனவன் தகரக்காரன் வித்தாஞ்சலோ. ஓட்டைப் பாத்திரம் அடைத்துக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்தவன், ஒரு நாள் நேப்பிள்ஸ் துறைமுகம்வரை போனான், அப்படியே கப்பலேறிவிட்டான். அது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டு. அவன் பின்னால் மச்சான் போனான், மச்சான் பின்னால் மச்சானின் தம்பி போனான். அப்புறம் கணக்கே இல்லை. நிலமெல்லாம் பிரபுவுக்கு, கல்லெல்லாம் நமக்கு என்றால் மனிதன் வேறு என்னதான் செய்வான்?

இன்றைக்கு அந்த மலையில் ஏறிப் போனால் முப்பத்திரண்டு வீட்டில்தான் புகை வருகிறது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில் அப்படி இல்லை. எல்லா வீட்டிலும் புகை வந்தது, எல்லா வீட்டிலும் சோளமாவுக் களி கொதித்தது, ஆண்கள்தான் இல்லை. பெண்கள் உழுதார்கள், பெண்கள் சுவர் எழுப்பினார்கள், ஆடு அடித்தார்கள், பஞ்சாயத்துப் பேசினார்கள். ஆகஸ்ட் திருவிழாவில் புனித ரோக்கோவின் சுரூபத்தைத் தூக்க ஆளில்லாமல் போனபோது பெண்களே தோள் கொடுத்தார்கள். சாமியார் முதலில் முறைத்தார். "அப்ப நீங்களே தூக்குங்க சாமி" என்றாள் கீழத்தெரு கார்மொசீனா. சாமியார் வழி விட்டு ஒதுங்கினார். அந்தப் பெண்கள் இருந்த அந்த ஊரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

சுரூபத்தின் இடப்பக்கக் கம்பில் மூன்றாவதாகத் தோள் கொடுத்தவள் எர்மினியா. முப்பத்து மூன்று வயது, கீழத்தெரு. தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, சுண்ணாம்பு மூட்டை, புனிதர் எல்லாம் அவள் தோளில் ஏறி இறங்கியதுதான்.

அவள் கணவன் சவேரியோ கப்பலேறியது பதின்மூன்றாம் வருஷம் மார்ச் மாதம். கல்யாணமாகி எட்டு மாதம், அவள் வயிற்றில் ஐந்து மாதம். "ரெண்டே வருஷம். வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வருஷம் முடிந்த கையோடு போர் வந்தது. அரசாங்கம் ஆள் எடுக்கக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை. அப்படி வராதவர்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பேச்சு. போர் முடிந்தது, அந்தப் பேச்சு முடியவில்லை. ஆக, அவன் இங்கே வருவதற்கில்லை. எர்மினியாதான் மகள் லிபெராவைக் கூட்டிக்கொண்டு அங்கே போகவேண்டும். அதற்கு அவன் அங்கிருந்து அழைப்புப் பத்திரம் எழுதி வாங்கி அனுப்பவேண்டும். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அவள் பதினோரு வருஷமாகக் காத்திருந்தாள். கணவன் உயிரோடு இருக்க, கறுப்பு உடுத்தாமலே தனியாகக் கிடக்கிறவளை ஊரில் வெள்ளை விதவை என்பார்கள். அந்தப் பேர் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

மே மாதம் சவேரியோவிடமிருந்து கடிதம் வந்தது. எர்மினியாவுக்குப் படிக்கத் தெரியாது, லிபெராதான் படித்தாள். அவளுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. "பத்திரத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். கிறிஸ்துமஸுக்குள்ள அனுப்பிடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு குடும்பப் படம் எடுத்து அனுப்பு, என்னையும் சேத்து. இங்க அறையில எல்லாரு கட்டில் தலைமாட்டுலயும் படம் இருக்கு. நீ வருஷா வருஷம் அனுப்புற சின்னப் படமெல்லாம் பெட்டியிலதான் இருக்கு, எனக்கு மட்டும்தான் வெறும் சுவரு."

என்னையும் சேர்த்து என்றால் எப்படி என்று நம் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான். சதுக்கத்தில் முடிவெட்டுகிற அதெல்மோதான் படமும் எடுப்பார். ஏரியும் மாளிகையும் வரைந்த திரை ஒன்று வைத்திருந்தார். மனைவி மக்களை அதன்முன்னால் உட்காரவைத்து, கணவனுக்கு இடம் விட்டு எடுப்பார். அப்புறம் அவனுடைய பழைய படத்திலிருந்து ஆளை வெட்டி அந்த இடத்தில் ஒட்டி, தூரிகையால் ஓரத்தை மெழுகி, மறுபடி ஒரு படமாக எடுத்துக் கொடுப்பார். அப்படி வெட்டி ஒட்டினவர்கள் தரையில் கால் பாவாமல் அந்தரத்தில் நின்றார்கள். "என்ன மாமா, எம் புருஷன் செத்து ஆவியா வந்த மாதிரி இருக்கான்" என்று கார்மொசீனா சண்டைக்கே வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதெல்மோ வழியை மாற்றினார். கணவன் இடத்தில் நிஜமாகவே ஒரு ஆளை நிறுத்துவது, தலையை மட்டும் வெட்டி ஒட்டுவது. அதற்கு அவர் பிடித்த ஆள் கோவேறு கழுதைக்கார நுன்சியோ. மனைவி இறந்தவன், கூலிக்கு முகம் மழித்துவிட்டால் போதும் என்று வேறெதுவும் கேட்காமல் வருவான், அசையாமல் நிற்பான். நல்ல கோட்டு ஒன்று, கடிகாரச் சங்கிலி ஒன்று, இரண்டும் அதெல்மோவுடையது. நுன்சியோ மாட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகில் கையை வைத்துக்கொள்வான். இரண்டு வருஷத்தில் கீழத்தெருவில் எட்டு குடும்பத்துக்கு இப்படி நின்றான். எட்டு தலைக்கும் கீழே ஒரே உடம்பு. பெண்களுக்கு இது ஒரு பெரிய வேடிக்கை. "எம் புருஷன் இன்னைக்கு ரெண்டு மூட்டை உப்பு ஏத்திட்டுப் போறான் பாருங்கடி" என்று நுன்சியோவைக் காட்டிச் சிரிப்பார்கள். அவன் காது சிவந்து கழுதையை விரட்டுவான்.

திருவிழாவுக்கு மறுநாள் காலையில் எர்மினியாவும் லிபெராவும் கல்யாண உடுப்பும் புதுச் செருப்புமாக அதெல்மோ கடைக்குப் போனார்கள். முந்தின நாள் சுரூபம் தூக்கினதில் எர்மினியாவுக்கு இடது தோள் கன்றிப்போயிருந்தது. நாற்காலியைக் காணோம்.

"நேத்து வாத்தியக்காரன் ஒருத்தன் ஏறி நின்னு ஒடச்சிட்டான்மா. இந்த முக்காலியில உக்காரு, ஒண்ணும் தெரியாது" என்றார் அதெல்மோ. நுன்சியோ கோட்டை மாட்டிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றான். முக்காலிக்கு ஏது முதுகு? கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டினான், பின்னால் கட்டினான்.

"என்னடா இது, கல்லறையில நிக்கிற மாதிரி நிக்கிற? தோள்ல வை."

"அய்யோ, வேணாம் மாமா."

"கோயிலுக்குள்ள வரும்போது புனிதரையே தொட்டுக் கும்புடுற, இவ தோள் என்ன சுடுதா? வைடா. மேகம் வந்து வெளிச்சம் போகுது."

"வைங்க அண்ணே, சீக்கிரம் முடியட்டும். அடுப்புல களி இருக்கு" என்றாள் எர்மினியா.

நுன்சியோ இடது கையை அவள் தோளில் வைத்தான். வலிக்கிற தோள். வைத்தது கனமே இல்லை, பறவை உட்கார்ந்த மாதிரிதான் வைத்தான். ஆனால் அந்தச் சூடு துணிக்குள்ளே இறங்கியது. பதினோரு வருஷத்தில் அந்தத் தோளில் ஏறாத சுமை இல்லை, ஆனால் ஒரு கை, சும்மா ஒரு மனிதக் கை, அதன்மேல் படவே இல்லையே என்று அந்தக் கணத்தில்தான் எர்மினியாவுக்கு உறைத்தது. அழுகை வரும்போல இருந்தது. அழவில்லை. அதெல்மோ "அசையாதே" என்றார், அவள் அசையவில்லை, படம் ஆகிவிட்டது.

சவேரியோவின் தலை கல்யாணப் படத்திலிருந்து வந்தது. அதில் அவனுக்கு இருபத்து நாலு. ஒட்டிப் பார்த்தால் எர்மினியாவின் தம்பி மாதிரி இருந்தான். அதெல்மோ காதோரம் நாலு நரை தீட்டினார், கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார். "இப்ப ஜோடி சரியா இருக்கு" என்று தானே மெச்சிக்கொண்டார். தலையைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. எர்மினியாவும் பார்க்கவில்லை. நுன்சியோவின் இடது ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது. ஊரே பார்த்துப் பழகின கை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. படம் செப்டம்பரில் கப்பலேறியது.

நவம்பரில், ஆலிவ் பறிக்கும் சமயம், தபால்காரர் ஒரே நாளில் ஒன்பது கடிதம் கொண்டுவந்தார். ஒன்பதும் புவெனஸ் அயர்ஸ், ஒன்பதும் கீழத்தெரு. இப்படி ஒன்றாக வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெண்கள் ஆலிவைப் போட்டது போட்டபடி சதுக்கத்துக்கு ஓடி வந்தார்கள். கார்மொசீனா தன் கடிதத்தை லிபெரா கையில் திணித்தாள். "படிடி, நல்லா சத்தமா படி."

லிபெரா படித்தாள். "கார்மொசீனாவுக்கு. படத்துல உம் பக்கத்துல நிக்கிறது யாரு? எனக்கு அவ்வளவு அகலமான நெஞ்சு எப்ப இருந்துச்சு? இங்க எட்டு பேரு படத்தையும் வரிசையா வெச்சுப் பாத்தோம். எட்டுலயும் ஒரே கோட்டு, ஒரே சங்கிலி, மேல இருந்து மூணாவது பொத்தான் எட்டுலயும் இல்ல. நாங்க இங்க சூளையில வேகறோம், அங்க ஒருத்தன் எல்லாருக்கும் புருஷனா நிக்கிறானா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சதுக்கமே சிரித்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார்கள். கார்மொசீனா நேரே அதெல்மோ கடைக்குள் நுழைந்தாள். பாதி முகம் நுரையோடு இருந்தவரைத் தள்ளிவிட்டு, "ஏன் மாமா, பொத்தானு வாங்கக்கூட வக்கில்லையா உங்களுக்கு? ஒரு பொத்தான்ல எட்டு குடும்பம் போச்சே!" என்று கத்தினாள். அதெல்மோ கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கலையைப் பாத்தேன்மா, பொத்தானைப் பாக்கல" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

லிபெரா மட்டும் சிரிக்கவில்லை. கார்மொசீனாவின் கடிதத்தில் மிச்சம் இருந்ததை அவள் மனதுக்குள் படித்துவிட்டிருந்தாள். கார்மொசீனா திரும்பி வந்து, "என்னடி, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். லிபெரா அம்மாவைப் பார்த்தாள்.

"படி" என்றாள் எர்மினியா.

"இதையெல்லாம் கண்டுபிடிச்சது சவேரியோதான். அவன் படத்துல இருந்த கையைப் பாத்துட்டுத்தான் நாங்க எங்க படத்தையெல்லாம் எடுத்துப் பாத்தோம். எங்களுக்குச் சிரிப்பு. அவனுக்கு இல்ல. பத்திரத்தை வாங்கிட்டு வந்து வெச்சிருந்தான், எங்க கண்ணு முன்னாடியே கிழிச்சு அடுப்புல போட்டுட்டான்."

சிரிப்பு நின்றுவிட்டது. எர்மினியா தன் கடிதத்தைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.  

வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, "படிம்மா" என்றாள்.

லிபெரா மெல்லப் படித்தாள். "எர்மினியா, இந்தக் கையை எனக்குத் தெரியும். கரி சுடப் போன காட்டுல தவறிப்போய் இந்த விரலை வெட்டுனது எங் கோடாலிதான். நுன்சியோ நின்னான், சரி. ஊர்ல அப்படித்தான் எடுக்கிறாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. கையைக்கூட விட்டுடறேன். ஆனா உம் மொகம். வருஷா வருஷம் நீ அனுப்புற படத்துல ஜெபத்துல உக்காந்தவ மாதிரி உக்காந்திருப்ப. இதுல கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி இருக்க. அந்த மொகத்தை யாருக்காக வெச்ச? பதில் எழுத வேணாம்."

லிபெரா நிமிர்ந்தாள். "எந்த மொகம்மா?"

எர்மினியா சுவர்ப்பக்கம் திரும்பினாள். அந்தப் படத்தின் இன்னொரு பிரதி அங்கே மாட்டியிருந்தது. அதன் எதிரே போய் நின்றாள். இத்தனை நாள் அவள் அதில் சவேரியோவின் தலையைத்தான் பார்த்திருந்தாள், நரை சரியாகப் பொருந்தியதா என்று. இப்போதுதான் தன்னைப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம். அப்படி ஒரு முகம் தன்னிடம் இன்னும் இருந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது. பாவி, அங்கிருந்துகொண்டு இதை மட்டும் எப்படிக் கண்டுபிடித்தான்?

அந்த வாரம் முழுக்க நுன்சியோ சதுக்கத்துப் பக்கமே வரவில்லை. வந்தபோது இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஒற்றைக் கையாலேயே மூட்டை கட்டினான், ஒற்றைக் கையாலேயே கயிறு இழுத்தான். மழை வந்தும் வெளியே எடுக்கவில்லை. கிணற்றடியில் எர்மினியாவைக் கண்டதும் கழுதையை நிறுத்தினான்.

"தங்கச்சி, நான் வேணா அவனுக்கு எழுதறேன். சாமியார்கிட்ட சொல்லி எழுதச் சொல்றேன். எம் மேலதான் தப்புன்னு."

"உங்க மேல என்னண்ணே தப்பு? நீங்க நின்னீங்க, அவ்வளவுதான்."

"நான் கையை வெச்சிருக்கக் கூடாது."

"வைக்கச் சொன்னது நான்தானே" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கினாள்.

பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாமியாரிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பு என்றார்கள். சத்தியம் பண்ணி எழுது என்றார்கள். கார்மொசீனா ஒரு படி மேலே போனாள். "அன்னைக்குத் தோள் வலி, அதான் மொகம் அப்படி ஆயிடுச்சின்னு எழுதுடி. பாதி நெசம்தானே. ஆம்பளைக்கு அது போதும்." எர்மினியாவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நாலு வரி எழுதினால் பத்திரம் வந்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் லிபெராவை மேசையில் உட்காரவைத்து, காகிதமும் மையும் எடுத்துவைத்து, "எழுதும்மா. அன்னைக்கு எனக்குத் தோள் வலி" என்று ஆரம்பித்தாள். லிபெரா எழுதினாள். எர்மினியா அப்படியே நின்றாள். பதினோரு வருஷம் காத்திருந்து, ஒரு பொய்யைப் பெட்டியில் வைத்துக்கொண்டா கடல் தாண்டுவது? அந்தப் பொய்யோடு அவன் பக்கத்தில் ஆயுசு முழுக்கப் படுத்து எழவேண்டும்.

"அதை அடிச்சிடு. வேற காகிதம் எடு. நான் சொல்றதை எழுது, என்னன்னு கேக்காதே."

"சரிம்மா."

"கை நுன்சியோவோடது. மொகம் என்னோடது. பதினோரு வருஷத்துல எந் தோள்ல ஒரு கை பட்டது அன்னைக்குத்தான். பட்டதும் எனக்கு அழுகை வந்துச்சு. கையோட சூடு இப்படி இருக்கும்னு மறந்தே போயிருந்தேன். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அது யாருக்காகன்னு கேட்டீங்க. உங்களுக்காகன்னு சொல்ல ஆசைதான். ஆனா அந்த நேரம் நான் யாரையும் நெனைக்கல. நுன்சியோவையும் நெனைக்கல, உங்களையும் நெனைக்கல. என்னைத்தான் நெனைச்சேன். இதுக்காக விடறதுன்னா விட்டுடுங்க. பொய் சொல்லிட்டு நான் வரமாட்டேன். அவ்வளவுதான். மகள் எழுதினதுன்னு போட்டு மடிச்சிடு."

லிபெரா மடித்தாள். அவள் எழுத்து எங்கும் நடுங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவை ஒட்டியே நடந்தாள், கோழிக்கூடு அடைக்கும்போதுகூடப் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பனி விழுந்து பாதை மூடியது, திறந்தது. மற்ற எட்டு குடும்பத்துக்கும் சமாதானக் கடிதம் வந்துவிட்டது. கேலியும் கிண்டலுமாக எழுதினார்கள், நுன்சியோவுக்கு ஒரு புதுப் பொத்தானே வைத்து அனுப்பினான் ஒருவன். எர்மினியாவுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் யாரிடமும் புலம்பவில்லை. பீன்ஸ் விதைத்தாள், கூரை ஓடு மாற்றினாள். இனி வராது என்று மனதுக்குச் சொல்லிப் பழக்கினாள், மனது கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே முத்திரை குத்திய அழைப்புப் பத்திரம், இரண்டு பேருக்குக் கப்பல் சீட்டு. கடிதம் இல்லை. உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள், ஒரு வரிகூட இல்லை.

"என்னடி அர்த்தம் இதுக்கு?" என்றாள் கார்மொசீனா.

"தெரியல."

"கூட்டிட்டுப் போய்த் திட்டப் போறானோ என்னவோ."

"திட்டட்டும். அதையாவது நேர்ல கேக்கறேன்."

மே மாதம் புறப்பட்டார்கள். ஊரில் யார் கப்பலுக்குப் போனாலும் பெட்டியை இறக்குவது நுன்சியோவின் கழுதைதான். கீழத்தெருப் பெண்கள் மலைப்பாதையின் வளைவுவரை வந்தார்கள். அதற்குமேல் வரக்கூடாது என்பது ஊர் வழக்கம். வளைவில் நின்று கையசைக்காமல், அழாமல், புனித ரோக்கோவின் பாட்டை உரக்கப் பாடவேண்டும், போகிறவர் கண்ணுக்கு மறையும்வரை. எர்மினியா எத்தனையோ பேருக்குப் பாடியிருக்கிறாள். தனக்குப் பாடும்போது கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கார்மொசீனாவின் கட்டைக் குரல் மட்டும் எல்லாருக்கும் மேலே தனியாகக் கேட்டது. கீழே ஓடைப் பாலம் தாண்டியும் கேட்டது. அந்தப் பாட்டு எர்மினியாவின் காதில் சாகும்வரை இருந்தது என்று லிபெரா பிற்காலத்தில் சொல்வாள்.

ரயிலடியில் நுன்சியோ இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி ஏற்றினான். பல மாதத்துக்குப் பிறகு அந்த இடது கை வெளியே வந்தது. "இருநூறு பெட்டிக்கு மேல எறக்கிட்டேன் தங்கச்சி. ஒண்ணைக்கூட மலைக்குத் திரும்ப ஏத்துனதில்ல" என்றான். "நல்லா இரு." அவ்வளவுதான் சொன்னான். கழுதையைத் திருப்பிக்கொண்டு போனான். எர்மினியா ரயில் ஜன்னலில் இருந்து மலையைத் தேடினாள். மணிக்கூண்டு ஒரு தடவை தெரிந்தது, அப்புறம் வேறொரு மலை வந்து மறைத்துவிட்டது.

கப்பல் சேர்ந்தபோது ஜூன். அங்கே ஜூனில் குளிர். துறைமுகக் கொட்டகையில் நூறு ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எர்மினியா காதோரம் நாலு நரை உள்ள முகத்தைத் தேடினாள். அப்படி ஒருவரும் இல்லை. வழுக்கையாய், முன்பல் இல்லாமல், தோள் சரிந்த ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இரண்டு தடவை தாண்டிப் போனாள்.

"எர்மினியா" என்றார் அவர். குரல் மாறவில்லை.

"நீங்களா?" என்றாள். 

சவேரியோ மகளைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைத் தலையில் வைத்தான், எடுத்தான். "எழுத்து நல்லா இருக்கு ஒனக்கு" என்றான். லிபெரா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். டிராமில் மூன்று பேரும் புது விருந்தாளிகள் மாதிரி வந்தார்கள். "கப்பல்ல சாப்பாடு எப்படி?" என்று கேட்டான். "பரவால்லைங்க" என்றாள். ஊரில் மழை எப்படி என்று கேட்டான், அதையும் சொன்னாள். 

மற்றவர்களோடு தங்கியிருந்த அறையை விட்டுவிட்டு, முற்றத்தோரம் தனி அறை ஒன்று பிடித்திருந்தான். ஒரு கட்டில், ஒரு சிறு கட்டில், அடுப்பு. கட்டில் தலைமாட்டில் அந்தப் படம். எர்மினியா கிட்டப் போய்ப் பார்த்தாள். அவள் இருந்தாள், லிபெரா இருந்தாள், பின்னால் கோட்டு நின்றது. தோளில் மட்டும் ஓட்டை, கத்தியால் சுற்றி வெட்டி எடுத்த ஓட்டை. அதன் வழியே சுவர்ச் சுண்ணாம்பு தெரிந்தது. கோட்டுக்கு மேலே இருந்த தலையும் இல்லை. அதை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தான்.

"தலையையும் எடுத்துட்டீங்களா?"

"அது நான் இல்லியே. பாத்தல்ல?" என்று தன் வழுக்கையைத் தடவினான். "மொதல்ல கையை வெட்டினேன், கோவத்துல. அன்னைக்குக் கோடாலியில மிச்சம் விட்டதையும் சேத்து எடுத்துட்டேன். அப்புறம் உங் கடுதாசி வந்துச்சு. படிச்சதும் வெட்டுனதைத் தேடினேன், குப்பையோட போயிடுச்சு. உம் மொகத்தையும் வெட்டத்தான் கத்தியை எடுத்தேன் எர்மினியா. முடியல."

"பத்திரத்தோட ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"என்ன எழுதறது? நீ நெசத்தை எழுதியிருந்த. எங்கிட்ட அதுக்கு ஈடா ஒண்ணுமில்ல."

லிபெரா வந்த களைப்பில் சிறு கட்டிலில் செருப்போடு தூங்கிப்போயிருந்தாள். சவேரியோ அவள் செருப்பைக் கழற்றி வைத்தான். பிறகு எர்மினியாவின் முன்னால் வந்து நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மொகத்தை ஒரு தடவை காட்டு. எனக்குன்னு ஒரு தடவை."

எர்மினியா அவனைப் பார்த்தாள். நிஜமாகவே முயன்றாள். பல் போன வாய், சூளைச் சூட்டில் தீய்ந்த புருவம், அதற்குள் எங்கோ அந்த இருபத்து நாலு வயசுக்காரன். பாவமாக இருந்தது, கோபமாக இருந்தது. ஆனால் அவன் கேட்டது வரவில்லை. வராததை வந்ததாகக் காட்ட அவளால் முடியாது.

"வரலீங்க" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. "சரி" என்று திரும்பப் போனான்.

"நில்லுங்க. வராதுன்னு சொன்னேனா? இப்ப வரலன்னுதான் சொன்னேன். பன்னெண்டு வருஷம் நான் காத்துக்கிட்டிருந்தேன். இனிமே கொஞ்ச நாள் நீங்க காத்துக்கிட்டிருங்க."

சவேரியோ தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, களிக்குத் தண்ணீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தான்.